ராஜாவைச் சுமக்க ஓர் ஆள்

விராலிமலை
14-2-1938

திருப்பதி மாப்பிள்ளைக்கு ஹாஜா முகைதீன் எழுதுவது.

உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான். ஒத்திகையை விட்டு எழுந்து பஸ் ஏறியபோது, ஊர் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும் என்று நினைத்தேன். தங்கை மாப்பிள்ளையின் சைக்கிள் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இரண்டு டீ குடித்தும் ஆறவில்லை. பஞ்சர் ஒட்ட வந்தவனிடம் எரிந்து விழுந்தேன். அவன் வேறு கடைக்குப் போய்விட்டான். அந்த நஷ்டமும் உன்னால்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. சீமையில் இருக்கும் செஸ்டர் கோட்டைக்குள் உங்கள் மாரியம்மன் எப்படி வந்தாள்? கப்பலில் வந்தாளா? மத்தாப்பு வெளிச்சம், ஆர்மோனியப் பெட்டியில் ஒரு இழுப்பு, அம்மன் சூலத்தை நீட்டுகிறாள், ராஜாவின் விலங்கு பொடிப்பொடியாகிறது, சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது நான் எழுதிய நாடகம் இல்லை. நான் வெற்றிலை வாங்கப் போன நேரத்தில் என் காட்சியைக் கிழித்து எறிந்துவிட்டு அதைச் செருகியிருக்கிறாய்.

திருச்சியில் ரயில்வே பாலம் கட்ட வந்த துரையிடம் நான் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தது உனக்குத் தெரியும். அவரை இங்கிலீஷ்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் மூஞ்சி சிவந்துபோகும். 'என் நாடு வேல்ஸ். அது தனி நாடு. எங்களுக்கும் ராஜாக்கள் இருந்தார்கள்' என்பார். தனி ராஜா உள்ள நமது சமஸ்தானத்துக்காரன் எவனையாவது திருச்சிராப்பள்ளி ஜில்லாக்காரன் என்று சொன்னால் முறைப்பானே, அந்த மாதிரி. அவர் வாயால் கேட்டதுதான் கிரிபித் ராஜாவின் கதை. எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆள்.

அகதியாகப் போன அப்பனுக்கு அயர்லாந்தில் பிறந்தவன். 'உன் நாடு கடலுக்கு அங்கிட்டு இருக்கு' என்று ஆத்தா சொல்லிச் சொல்லி வளர்த்தாள். வாலிபனானதும் கப்பலேறி வந்து நாட்டைப் பிடித்தான், அந்த வருஷமே தோற்றுத் திரும்பி ஓடினான். மறுபடி வந்து ஒரு மலையடியில் பெரிய சண்டை போட்டு ஜெயித்தான். ஜெயித்த சூடு ஆறுவதற்குள் சொந்த ஆள் ஒருவனே பேச்சுவார்த்தை என்று அழைத்துப்போய் இங்கிலாந்தைப் பிடித்திருந்த நார்மன் பிரபுக்களிடம் காட்டிக் கொடுத்தான். செஸ்டர் பட்டணத்தில் விலங்கு. பன்னிரண்டு வருஷம் என்கிறார்கள், இன்னும் கூட என்பவர்களும் உண்டு. ஒரு நாள் அவனைச் சங்கிலியோடு சந்தையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். சாமான் வாங்க வந்த கின்ரிக் என்ற நெட்டையன் அவனைப் பார்த்தான். பட்டணத்துப் பெரிய மனிதர்கள் விருந்தில் மூழ்கியிருந்த நேரம். நெட்டையன் ராஜாவைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டான். விலங்கோடுதான்.

அந்த இடத்தைச் சொல்லும்போது துரை எழுந்து நின்றுவிடுவார். நானும் எழுந்து நின்றேன். அம்மனும் வரவில்லை, அசரீரியும் கேட்கவில்லை. ஒரு மனுசன் இன்னொரு மனுசனைத் தூக்கினான். அதுதான் நாடகம். மற்றதெல்லாம் அதற்கு முன்னுரையும் பின்னுரையும்.

அந்தக் காட்சி திரும்ப வராதவரை கருவேலம்பட்டி எல்லையை மிதிக்கமாட்டேன். கண்டக்டர் ராசு கையில் பதில் கொடுத்தனுப்பு.

ஹாஜா


கருவேலம்பட்டி
18-2-1938

வாத்தியார் ஹாஜா மாமாவுக்குத் திருப்பதி வணக்கம்.

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு வீட்டுக்காரி முத்துமாரியம்மாளிடம் கொடுத்தேன். 'அண்ணன் சொல்றதுல என்ன தப்பு?' என்றாள். என் வீட்டிலேயே உங்கள் கட்சிக்கு ஒரு ஆள் இருப்பது தெரிந்திருந்தால் ஒத்திகையைத் தோப்பில் வைத்திருப்பேன்.

மாமா, நான் ராஜபார்ட் கட்டி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ராஜபார்ட் வந்தால் படுதா தூக்கும் முன்பே பாட்டுக் கேட்க வேண்டும், கிரீடம் பளபளக்க வேண்டும். எங்கள் ஊர்த் திருவிழாவில் அம்மனுக்கு மாலை சாத்தியபின் மேடையில் வைத்து எனக்குப் பரிவட்டம் கட்டுகிறார்கள். அந்தப் பரிவட்டத்தோடுதான் முதல் பாட்டு. அப்படிப்பட்டவன் நடு நாடகத்தில் இன்னொருத்தன் முதுகில் உப்பு மூட்டை ஏறினால் பபூன் எதற்கு? சனம் சிரிக்கும். ராஜா சிரிப்பாகிப் போனால் அதற்கப்புறம் நான் என்ன பாடினாலும் எடுபடாது.

சரி, உங்களுக்காகவே ஒரு தடவை முயற்சி செய்து பார்த்தோம். கின்ரிக் வேஷக்காரன் உடையப்பன் முதலில் நெல் மூட்டையைத் தூக்கிப் பழகினான். அது சரியாக வந்தது. பிறகு என்னைத் தூக்கினான். ஓர் எட்டு வைப்பதற்குள் இரண்டு பேரும் வைக்கோல் போரில் கிடந்தோம். அவன் இடுப்புக்கு இன்னும் ஒத்தடம் நடக்கிறது. 'அண்ணே, நெல்லு மூட்டை நெளியாது. நீங்க நெளியுறீங்க' என்கிறான்.

நான் மெலிந்தவன் இல்லை. உங்கள் வேல்ஸ் ராஜா பன்னிரண்டு வருஷம் சிறைச் சோறு தின்று எலும்பாகக் கிடந்திருப்பான். எனக்கு அந்த வசதி இல்லை.

அம்மன் காட்சியே இருக்கட்டும். கோபத்தை விட்டு வாருங்கள். முடிசூட்டுக் காட்சிப் பாட்டுக்கு இன்னும் சரணம் எழுதவில்லை நீங்கள்.

திருப்பதி


விராலிமலை
22-2-1938

மாப்பிள்ளைக்கு,

சரணம் வராது. முதலில் முதுகு வரட்டும்.

உன்னைத் தூக்க ஆளே இல்லாத மாதிரி எழுதியிருக்கிறாய். படித்தபோது சிரிப்பு வந்தது. உங்கள் நாடக செட்டில் உன்னைத் தூக்கக்கூடிய ஆள் ஒருவன் இருக்கிறான். படுதா இழுக்கிற வெள்ளைச்சாமி. போன ஐப்பசியில் பொன்னமராவதி ரோட்டில் நமது வண்டி சேற்றில் இறங்கியபோது, சாமான் பெட்டியோடு சேர்த்துச் சக்கரத்தைத் தூக்கி விட்டவன் யார்? நீ வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. அவன் உன்னையும் சேர்த்துத்தான் தூக்கினான். ஆளும் நெட்டை. வேஷமே கட்ட வேண்டாம்.

நான் தெரியாமல் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அவன் சேரி ஆள், மேடை ஏறக்கூடாது, அதனால்தான் மேடைக்குக் கீழே தென்புறம் நின்று கயிறு இழுக்கிறான் என்பது எனக்குத் தெரியும். எத்தனை நாடகம் அவன் கயிற்றில் ஏறி இறங்கியிருக்கிறது! ஒரு நாடகத்தைக் கூட அவன் முன்பக்கமிருந்து பார்த்ததில்லை. உன் பாட்டையெல்லாம் பக்கவாட்டிலிருந்துதான் கேட்டிருக்கிறான்.

உன் எடையும், ராஜபார்ட் கௌரவமும், சனத்தின் சிரிப்பும் எல்லாம் சும்மா. நெஞ்சில் கை வைத்துச் சொல். யார் சுமப்பது என்பதுதானே உன் பயம்?

ஹாஜா


கருவேலம்பட்டி
1-3-1938

வாத்தியாருக்கு,

ஆமாம், அதுதான் பயம். எழுதிவிட்டேன், திருப்திதானே?

உங்கள் கடிதம் வந்த அன்று சாப்பிடவில்லை. பயம் என்று நீங்கள் எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்தேன். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நேரே நாட்டாண்மை வீட்டுக்குப் போனேன். விழாக் கமிட்டிக்காரர்களும் இருந்தார்கள். கதையைச் சொன்னேன், காட்சியைச் சொன்னேன், வெள்ளைச்சாமி பெயரையும் சொன்னேன்.

நாட்டாண்மை கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாகப் போயிற்று. மோர் கொடுத்தார். 'திருப்பதி, நீ நம்ம பிள்ள. ஒனக்குத் தெரியாததா? அம்மன் மேடையில அவன் கால் பட்டா மறுநாள் பூசையில நான் அம்மனுக்கு என்ன பதில் சொல்றது? வேஷங்குறது வேற, கால்ங்குறது வேற. அவன மேடையில ஏத்தினா இந்த ஊருல ஒனக்கு நாடகமும் இல்ல, பரிவட்டமும் இல்ல' என்றார். கமிட்டியில் ஒருவர் கூடவே, 'சுத்துப்பட்டு ஊருலயும் இல்ல' என்றார்.

அது வெறும் மிரட்டல் இல்லை மாமா. இந்த மேடை போனால் மற்ற ஊர் மேடைகளும் போகும். செட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் பங்குனி, சித்திரையில் ஆடிச் சம்பாதிப்பதில்தான் வருஷத்தை ஓட்டுகிறார்கள். நீங்கள் விராலிமலையில் ஸ்டூலில் உட்கார்ந்து மயில் பார்த்துக்கொண்டு எழுதிவிடுவீர்கள். காலையில் எழுந்தால் நாட்டாண்மை வீட்டைத் தாண்டித்தான் நான் குளத்துக்குப் போக வேண்டும். அவர்கள் பொல்லாதவர்களும் இல்லை. என் அப்பா செத்தபோது பாடைக்கு முதல் தோள் கொடுத்தவர் நாட்டாண்மை.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

திருப்பதி


விராலிமலை
5-3-1938

அன்புள்ள திருப்பதிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றோடு விட்டுவிடுகிறேன்.

நீ நாட்டாண்மை வீட்டுக்குப் போவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பயந்தவன் போகமாட்டான். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மயில் விஷயத்தில் நீ சொன்னது சரி, தோளில் சுமை இல்லாதவன் யோசனை சொல்வது சுலபம். நீ அம்மன் காட்சியையே ஆடு. நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். நோட்டீஸில் என் பெயரை மட்டும் எடுத்துவிடு. அது இருந்தால் எனக்குத் தாங்காது.

ஒரு திருத்தம் மட்டும். என் பிரதியில் செஸ்டர் சந்தைக்கு நான் தூண்களும் வளைவும் கொண்ட படுதா கேட்டிருந்தேன். தப்பு. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். துரை சொன்னதில் தூணும் இல்லை, வளைவும் இல்லை. திறந்த சந்தை. மீன் விற்கிறவளும், ஆடு கொண்டு வந்தவனும், வேடிக்கை பார்க்கிறவனும் புழங்குகிற புழுதியில் ராஜாவை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். கோட்டைக்குள் பூட்டி வைத்திருந்த வரையில் எவனாலும் அவனை நெருங்க முடியவில்லை. சனங்கள் இருக்கும் மண்ணுக்கு அவன் வந்ததால்தான் நெட்டையனுக்கு அவன் கையெட்டும் தூரமானான். இதை எழுத்தில் கொண்டுவரத் தெரியாமல் தூணை வைத்து மறைத்துவிட்டேன்.

சரணத்தையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். எந்தக் காட்சி ஆடினாலும் பாட்டு உன்னுடையது.

ஹாஜா


கருவேலம்பட்டி
14-3-1938

மாமாவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்தபின் அடுப்பில் போடுங்கள்.

உங்கள் திருத்தத்தைப் படித்துவிட்டு வயலுக்குப் போனேன், வேலை ஓடவில்லை. வெள்ளைச்சாமி களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான். உடையப்பனுக்கு இடுப்பு சரியில்லை, உனக்கு என்னைத் தூக்க முடியுமா என்று கேட்டேன். 'மேடையிலயா?' என்றான். 'இல்ல. நான் கீழ வாரேன்' என்றேன்.

கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டான். அவன் பெண்சாதி மருதாயி கூளம் அள்ளிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் போவது மேடை. அவனுக்கு வயல் வேலை போகும், அதற்கு மேலும் போகும். இதையும் சொன்னேன். சொல்லாமல் கேட்பது ஏமாற்று.

கடைசியில் அவன் சொன்னது இதுதான்: 'தூக்குறேன். ஆனா ஒண்ணு. யாராச்சும் சத்தம் போட்டாங்கன்னு பாதியில எறக்கி விடச் சொல்லக்கூடாது. எறக்கச் சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிருங்க.'

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

நோட்டீஸில் உங்கள் பெயர் இருக்கிறது. திருவிழாவுக்கு வாருங்கள்.

திருப்பதி


விராலிமலை
17-3-1938

மாப்பிள்ளைக்கு,

அடுப்பில் போட்டேன்.

நான் வரமாட்டேன். வீம்பு இல்லை. நான் அங்கே நின்றால் 'துலுக்க வாத்தியார் தூண்டிவிட்டான்' என்று ஒரே பேச்சாக முடித்துவிடுவார்கள். செய்தது நீங்கள் இருவரும் என்று இருக்க வேண்டும். இங்கே ஜமாஅத்திலும் என் நாடகங்களைப் பற்றி முணுமுணுப்பவர்கள் உண்டு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடையப்பனிடம் முன்பே சொல்லிவிடு. அவனுக்கு மனதில் வருத்தம் வரக்கூடாது. இரும்புச் சங்கிலியே போட்டுக்கொள், அட்டைச் சங்கிலி வேண்டாம். சத்தம் முக்கியம்.

கிரிபித் ராஜா அப்புறமும் ஒரு தடவை தோற்று ஓடியிருக்கிறான். ஓடி, திரும்பி வந்து, கடைசியில் கண் தெரியாத கிழவனாகத் தன் நாட்டிலேயேதான் கண்ணை மூடினான். இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குப் புரியும்.

ஹாஜா


கருவேலம்பட்டி
29-3-1938

வாத்தியார் ஹாஜா மாமாவுக்கு,

ராசு ஏற்கெனவே சொல்லியிருப்பான். அவன் கை கால் வைத்துச் சொல்லியிருப்பான். நடந்ததை நான் எழுதுகிறேன்.

பரிவட்டம் கட்டினார்கள். கட்டிக்கொண்டேன். முதல் பாட்டுக்கே கூட்டம் சொக்கிப்போயிற்று. அயர்லாந்துக் காட்சியில் ஆத்தா பாடி மகனை அனுப்பும்போது பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். மலையடிச் சண்டையில் உடையப்பன் இடுப்பை மறந்து வாள் வீசினான். காட்டிக் கொடுத்தவன் மேல் யாரோ வாழைப்பழத் தோலை எறிந்தார்கள். எல்லாம் நீங்கள் எழுதியபடிதான்.

சந்தைக் காட்சி வந்தது. மேடையில் இரண்டு காவல்காரர்கள் என்னைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். கமிட்டி அம்மனை எதிர்பார்த்து மத்தாப்புக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சங்கிலியை இழுத்துக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்தேன். 'இங்கே உங்கள் சந்தை எங்கே இருக்கிறது?' என்று வசனம் விட்டேன். அது உங்கள் வசனம் இல்லை, மன்னிக்கவும். தென்பக்கம் இறங்கிவிட்டேன்.

சேரிக்காரர்கள் உட்கார்ந்திருந்த மண்ணில் போய் உட்கார்ந்தேன். அவர்கள்தான் முதலில் பயந்து ஒதுங்கினார்கள். எனக்கு அது எதிர்பாராத அடி. ஒரு கிழவி, 'ராசா, மேல போயிருங்க, எங்களுக்கு வம்பு' என்றாள். அப்போது வெள்ளைச்சாமி படுதாக் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு வந்தான். வேஷம் இல்லை, துண்டு மட்டும். என் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினான்.

ஏறினேன். எழுந்தான். எடை என்று நான் எழுதினேனே, அவனுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. மேடையோரத்தில் உட்கார்ந்திருந்த நாட்டாண்மை எழுந்து, 'டேய், எறக்கு! திருப்பதி, எறங்குடா!' என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் அதுவும் நாடகம் என்றே நினைத்தார்கள். நெட்டையனைத் துரத்தும் செஸ்டர் பிரபு என்று நினைத்து அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். அவர் ஒரு கணம் திகைத்து நின்றதில்தான் நாங்கள் கூட்டத்தைத் தாண்டினோம். சிரிப்பார்கள் என்று பயந்தேனே, ஒருவரும் சிரிக்கவில்லை மாமா.

பந்தலை விட்டு வெளியே வந்தோம். திரும்ப மேடைக்குப் போக முடியாது. கின்ரிக் எங்கே கொண்டுபோவான்? அவன் வீட்டுப் பக்கம்தான் கொண்டுபோனான். ஆர்மோனியக்காரர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். மிருதங்கக்காரர் வரவில்லை, அவருக்குப் பிள்ளைகுட்டி அதிகம். உடையப்பன் கிரீடத்தை எடுத்துக்கொண்டு வந்தான். சனமும் வந்தது, எல்லாரும் இல்லை, கால்வாசி இருக்கும். மீதிப்பேர் பந்தலில் உட்கார்ந்து அம்மனுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

சேரிக் களத்தில் முடிசூட்டினோம். உங்கள் சரணத்தை அங்கேதான் பாடினேன். மருதாயி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். வீட்டுக்கு வந்தபோது முத்துமாரியம்மாள் வாசலில் நின்றாள். குளித்துவிட்டு உள்ளே வாங்க என்பாள் என்று நினைத்தேன். 'வெலங்க அவுத்து வச்சுட்டு வந்து சாப்புடுங்க' என்றாள்.

மறுநாளே தீர்ப்பு வந்தது. எனக்கு இந்த ஊர் மேடை இல்லை. வெள்ளைச்சாமிக்கு வயல் வேலை இல்லை. ஆனால் சேரித் தெருவே ஒன்றாக நின்று, அவனை விலக்கினால் இந்த வருஷம் கதிர் அறுக்க ஒருத்தரும் வரமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது எதில் முடியும் என்று தெரியாது. சித்திரைக்கு ஒப்புக்கொண்ட இரண்டு ஊர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கிறவர்கள் மட்டும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள், 'அந்த முதுகு நாடகம்' வேண்டுமாம். மேடை கிடையாது, தரைதான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். தரைதான் வேண்டும் என்றேன். வெள்ளைச்சாமியும் வருகிறான். இந்தத் தடவை நோட்டீஸில் அவன் பெயர் போடுகிறோம். நீங்களும் வந்தே ஆக வேண்டும், சாக்குச் சொன்னால் நானே விராலிமலைக்கு வந்து தூக்கிக்கொண்டு போவேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ராசுவுக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

மேடையிலிருந்து இறங்கியபோது என்னை நானே பெரிய வீரனாக நினைத்துக்கொண்டேன். முதுகில் ஏறி, கூட்டத்துக்கு நடுவில் போகிறோம். பார்த்தால் என் இரண்டு கையும் அவன் மேல் படாமல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கின்றன. நான் வேண்டுமென்று வைக்கவில்லை. பழக்கம் அப்படி நிறுத்தியிருக்கிறது. நான் ஒரு பக்கம் சரிய, அவன் என்னைத் தாங்கத் தடுமாற, பின்னால் நாட்டாண்மையின் ஆட்கள் வருகிறார்கள். வெள்ளைச்சாமி திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாகச் சொன்னான்: 'அய்யா, கழுத்தக் கட்டிக்கங்க. இல்லாட்டி ரெண்டு பேரும் விழுந்துருவோம்.'

கட்டிக்கொண்டேன் மாமா. அதற்கப்புறம்தான் அவனுக்கு நடை வந்தது.

திருப்பதி